மேடம் உட்கார்ந்த வாசல்

நாயிடம் திருடனின் கைக்குட்டையைக் காட்டுவதற்குப் பதிலாக என் கைக்குட்டையைக் காட்டிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். சொல்லும்போது சின்ன விஷயம்போலத்தான் இருக்கிறது. வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய மருத்துவரும் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்திருப்பார்.

மேடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் போலீஸ் நாய்ப் பிரிவில் மூத்தவர் அவர்தான். கோப்பில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முறைப்பது, கூப்பிட்டால் உடனே வராதது, வேலை முடிந்ததும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வது என்று எல்லாமே மேலதிகாரிகளின் பழக்கமாக இருந்ததால் 'மேடம்' என்றே ஆகிவிட்டது. நான் அவருக்குக் கயிறு பிடிப்பவன். எனக்கு விடுமுறை என்றால் பிடிக்க இன்னொருவர் உண்டு. ஒரே நாய்க்கு இரண்டு பேர் பாத்தியப்பட்டவர்கள் என்பதால் அவரை நான் பங்காளி என்று கூப்பிடுவேன். மேடத்துக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும் என்று ஒரு வதந்தி உண்டு. பரப்பியது பங்காளி.

அன்று கணக்கு டீச்சர் வீட்டில் திருட்டு. டீச்சர் ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடக்கிறது, நகைகளைக் காணோம். வாசல் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. திருடன் விட்டுப்போனது பீரோவுக்கு அடியில் கிடந்த ஒரு கைக்குட்டை மட்டும்தான். பிளாட்பாரத்தில் குவியலாகக் கொட்டி விற்பார்களே, அந்த நீலக் கட்டம் போட்டது. என் மனைவியும் எனக்கு அதிலேயேதான் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறாள். திருடனுக்கும் எனக்கும் ஒரே ரசனை.

கைக்குட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். இடுக்கியால் வெளியே எடுத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மதில்மேல் ஒரு பூனை. மேடம் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் பூனை விஷயத்தில் கொஞ்சம் பலவீனம். கயிறு என் கால்களைச் சுற்றிக்கொண்டது. கீழே விழாமல் இருக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கைக்குட்டையைக் கால்சட்டைப் பையில் திணித்தேன். கயிற்றைப் பிரித்தேன். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேடத்தின் மூக்குக்கு நேராக நீட்டினேன். பையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

மேடம் முகர்ந்தார். தலையை உயர்த்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'இதையா?' என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. தொழில் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டு, "தேடு" என்றேன். தேடினார். தெருவில் இறங்கி, சலூனைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நேராகப் போய் சாவிக்காரர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பழக்கப்பட்ட போலீஸ் நாய் குரைக்காது. தேடியது கிடைத்தால் உட்காரும். அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும்.

சாவிக்காரர் கையில் அரத்தோடு வெளியே வந்தார். வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. பூட்டு சரிசெய்வார், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி ராவிக் கொடுப்பார். அந்தத் தெருவில் பாதி வீட்டுப் பூட்டுகள் அவர் மாட்டியவை, டீச்சர் வீட்டுப் பூட்டு உட்பட. அவர் நாயைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

உடையாத பூட்டு, பூட்டுக்காரர், உட்கார்ந்த நாய். மூன்றையும் கூட்டித் தெருவே விடை சொல்லிவிட்டது. கணக்கு டீச்சர் மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா சாவிக்காரரை விசாரணைக்கு வரச் சொன்னார். அவருடைய கருவிப்பெட்டியும் கூடவே ஜீப்பில் ஏறியது. சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேடத்துக்குத் தண்ணீர் வைக்கப் போகும்போது அவரைத் தாண்டிப் போனேன். "என்னண்ணே, வீட்டுக்கு வாங்க வாங்கன்னு சொல்லியும் வராம, நேரா ஆபீசுக்கே வந்துட்டீங்க" என்றேன். சிரித்தார். யாராக இருந்தாலும் ஒரு நகைச்சுவையில் இளக்கிவிடுவது என் பாணி. போலீஸ் என்றால் விறைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். தெருவில் எங்கே போனாலும் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

அன்று சாயங்காலம் துவைப்பதற்காக என் சட்டை, கால்சட்டைப் பைகளைத் துழாவிய மனைவி ஒரு கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"நம்ம வீட்டு கைக்குட்டைக்கெல்லாம் மூலையில சிவப்பு நூல்ல தையல் போட்டிருக்கேன். கொடியில பக்கத்து வீட்டுதோட கலந்துடக் கூடாதுன்னு. இதுல இல்ல. யாரோடது?"

மனைவி இந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்கும்போது, 'திருடனோடது' என்று பதில் சொல்லி ஒரு விநாடி நிம்மதியடைந்த கணவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த விநாடி அதை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். பகல் முழுக்க அதில்தான் முகம் துடைத்திருக்கிறேன்.

"அப்போ நாய்க்கு எதைக் காட்டுன?"

"என்னோடத. அதைத்தான் உறையில போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கேன்."

"உன் வாசனையைக் காட்டுனா அது ஏன் சாவிக்காரர் வீட்டுக்குப் போகணும்?"

என் மனைவி எந்தத் துப்பறியும் பிரிவிலும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. முந்தின நாள் சாயங்காலம் என் பைக் சாவி தொலைந்துபோய், சாவிக்காரர் புதுச்சாவி ராவி முடிக்கும்வரை அவர் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல் பேசிக்கொண்டிருந்தேன். சாய்ந்து, நீட்டி, வேர்வை துடைத்து, படி முழுக்க என் வாசனையைப் பூசி வைத்திருந்தேன். மேடம் மிகச் சரியாக வேலை பார்த்திருக்கிறார். கயிறு பிடிக்கிறவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால் பின்னால் ஓடிவருகிற என்னை விட்டுவிட்டு, அங்கே கிடந்த என்னைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைத்தான் நானே துரத்திக்கொண்டு தெரு முழுக்க ஓடியிருக்கிறேன், மூச்சு வாங்க.

அந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பிறகு பல நாட்கள் அது என்னை விடவில்லை. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. சாவிக்காரருக்கு? நேற்று நான் உட்கார்ந்த அதே படியில் இன்று என் நாய் உட்கார்கிறது. 'சார், நேத்து நீங்கதானே இங்க உட்கார்ந்திருந்தீங்க' என்று ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஏன் மூடினார்?

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஐயாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திருடனின் கைக்குட்டையை மேசைமேல் வைத்தேன். ஐயா அதைத் தொடவில்லை. மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த ஆளை நேத்தே வீட்டுக்கு அனுப்பியாச்சுல்ல?"

"அனுப்பியாச்சுங்கய்யா."

"அப்புறம் என்ன? நாய் தப்பு பண்ணிடுச்சுன்னு இப்போ ஊருக்குச் சொல்லணுமா?"

"நாய் தப்பு பண்ணலைங்கய்யா. நான்தான்."

"அது இன்னும் மோசம்யா. போ."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே மின்விசிறி பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

சாவிக்காரரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஐயா சொன்னார் அல்லவா. அவர் வீட்டுக்குத்தான் வந்தார், தொழில் வரவில்லை. மறுவாரம் அந்தத் தெரு வழியாக மேடத்தோடு நடைப் பயிற்சிக்குப் போனபோது வீட்டுக்கு வீடு புதுப்பூட்டு மின்னியது. ஊரின் மறுகோடியிலிருந்து வேறு ஒரு பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் ஒரு படி மேலே போய் ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, தினமும் காலையில் எது எதன் சாவி என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். முன்பு இப்படி முழிக்கும்போதெல்லாம் சாவிக்காரரைத்தான் கூப்பிடுவார். யாரும் சாவிக்காரரைத் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. பார்த்தால் தலையசைத்தார்கள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. அந்தத் தொழிலில் சாவியைக் கொடுப்பது என்றால் வீட்டையே கொடுப்பதுதான். நாய் உட்கார்ந்த வாசலில் யார் அதைக் கொண்டுபோய் நீட்டுவார்கள்?

கருவிப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அவர் மனைவி சுவரில் தொங்கிய சாவிக் கொத்துகளைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, வீடு மாத்துறீங்களா?"

"பார்க்கணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இந்த நாய் விஷயம் தெரியாத இடமா பார்த்துப் போகணும்."

சாவிக்காரர் வேகமாக எழுந்து எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நடந்ததை முழுக்க அவரிடம் சொன்னேன். கைக்குட்டை மாறியது, பைக் சாவி, படி, வாசனை, எல்லாம். எழுந்து கையெடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஐயோ, பரவாயில்ல சார், விடுங்க சார்" என்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் மட்டும் கொஞ்சமும் தெரியவில்லை.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்லண்ணே?"

"என்ன சார்?"

"நாய் என் வாசனையைத்தான் பிடிச்சிருக்குன்னு. ஏன் அப்பவே சொல்லல?"

"அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு சார்."

"அண்ணே."

"போலீஸ் நாயே சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் சார். நானே உள்ள போய் பரண்மேல எல்லாம் தேடிப் பார்த்தேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. செய்தித்தாள் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அங்கிருந்து நேராக சலூனுக்குப் போனேன். தெருவில் ஒரு விஷயம் பரவ வேண்டும் என்றால் அங்கே சொன்னால் போதும், பத்திரிகைக்குப் போக வேண்டாம். ஐயா சொன்னதை நான் மறக்கவில்லை. ஊருக்குச் சொல்லாதே என்றுதானே சொன்னார்? சலூன் ஊர் ஆகாது என்று எனக்கு நானே ஒரு சட்ட விளக்கம் கொடுத்துக்கொண்டேன். சலூன்காரர் ஒருவருக்குப் பாதி முகத்தில் நுரை போட்டு நிறுத்தி வைத்துவிட்டு, நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார்.

"அப்படீங்களா சார்" என்றார். பிறகு, பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "சாவிக்காரர் சாரை நல்லா கவனிச்சிருக்காரு போல" என்றார்.

"யோவ், நான் நிஜமாத்தான்யா சொல்றேன்."

"நானும் நிஜமாத்தான் சார் கேட்டுக்கிறேன்."

அடுத்த வாரமே திருடன் அகப்பட்டான். ஊரின் வேறு பக்கத்தில், வேறு வீட்டில் ஏறும்போது. டீச்சர் வீட்டுக்கும் தான்தான் போனதாகச் சொன்னான். பின்பக்கக் குளியலறை ஜன்னலின் கம்பியைக் கழற்றி வந்துவிட்டு, போகும்போது கம்பியை ஒழுங்காகத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கைக்குட்டையையும் அடையாளம் காட்டினான். முடிந்தது, இனி சாவிக்காரருக்கு விடிவுகாலம் என்று நினைத்துத் தெருவுக்கு ஓடினேன்.

"அவன் ஒத்துக்கிட்டானே" என்றேன் சலூனில்.

"ஒத்துக்கிட்டான் சார். சாவி கொடுத்தது யாருன்னு சொன்னானா?"

"சாவியே கிடையாதுய்யா. ஜன்னல் வழியா வந்தான்."

"சரி சார். அப்போ நாய் ஏன் அங்க போய் உட்கார்ந்துச்சு?"

என்னிடம் இருந்த ஒரே பதில் அவர் ஏற்கெனவே நம்பாத பதில். இத்தனை வருஷமாகச் சீருடை போடுகிறேன். சீருடையே போடாத மேடம் ஒரு தடவை உட்கார்ந்ததை அடித்துப்போட, நான் நின்று பேசிய பேச்சு எதுவும் போதவில்லை. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. இவர்கள் ஏன் என்னை நம்பவில்லை? அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை? இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நகைகளை வாங்கிக்கொள்ள டீச்சர் ஸ்டேஷனுக்கு வந்தார். அவரிடமும் சொன்னேன். நான் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று அவர் யோசிக்கவில்லை, கேள்வி கேட்டார். நாய் எத்தனை பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்கும்? வரிசையில் நிற்க வைத்தால்? உங்களையே நிற்க வைத்தால்?

"நான் கயிறு பிடிச்சா என்னைக் கணக்குல எடுக்காது டீச்சர்."

"வேற யாராவது பிடிச்சா?"

யோசித்தேன். "எடுக்கும்."

"அப்போ வாயால சொல்லிக்கிட்டு ஏன் திரியுறீங்க? எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க."

எங்களுக்கு ஒரு கடமை உண்டு. அவ்வப்போது காவல்துறை, பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் நடத்த வேண்டும். மேடை, மாலை, மைக், பின்னால் ஒரு பெரிய பேனர். ஐயா பேசுவார், எங்களை உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினையுங்கள் என்பார். தயங்காமல் கேள்வி கேளுங்கள் என்பார். யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் கலையாமல் இருக்கக் கடைசியில் நாய் நிகழ்ச்சி வைப்போம். நல்லுறவில் ஜனங்கள் ரசிப்பது அது ஒன்றைத்தான். இந்த முறை கூட்டத்தை அந்தத் தெருச் சமூகக் கூடத்திலேயே வைக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன்.

"நாய் என்ன பண்ணும்?"

"வளையம் தாண்டும், சல்யூட் வைக்கும். அப்புறம் கைக்குட்டையை மோந்து பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும்."

"யாரோட கைக்குட்டை?"

"என்னோடதுங்கய்யா."

ஐயா மறுபடியும் மின்விசிறியிடம் ஆலோசனை கேட்டார். "நான் முன்வரிசையில உட்கார்ந்திருப்பேன்" என்றார் கடைசியில். "ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது."

கூட்டத்துக்குத் தெருவே வந்திருந்தது. சாவிக்காரரை டீச்சர் கையோடு அழைத்து வந்திருந்தார். அக்கா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போய்விடுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். மேடம் வளையம் தாண்டினார், கைத்தட்டல். சல்யூட் வைத்தார், பெரிய கைத்தட்டல். ஐயாவும் பதிலுக்குப் பாதி கையைத் தூக்கிவிட்டு, காதைச் சொறிந்துகொள்வதுபோல் இறக்கிக்கொண்டார்.

நான் மைக்கைப் பிடித்தேன். அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். ஐயாவின் கழுத்து மட்டும் கொஞ்சம் சிவந்தது. கயிற்றைப் பங்காளியிடம் கொடுத்தேன். கைக்குட்டையை டீச்சரிடம் கொடுத்தேன். சலூன்காரர், பேக்கரிக்காரர், சாவிக்காரர், இன்னும் சிலரோடு நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற சாவிக்காரர் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மேடம் இப்போது ஏதாவது ஒரு மனநிலையில் இவர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், பிறகு இந்த மனிதருக்கு எந்த ஊரிலும் தெரு கிடையாது. முந்தின நாள் இந்த யோசனை வந்திருந்தால் கூட்டத்தையே ரத்து செய்திருப்பேன்.

டீச்சர் கைக்குட்டையை நீட்டினார். மேடம் முகர்ந்தார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். சலூன்காரரின் காலைத் தாண்டினார். பேக்கரிக்காரரிடம் கொஞ்சம் நின்றார். வெண்ணெய் விவகாரம், எல்லாருக்கும் புரிந்தது. சாவிக்காரரிடம் வந்தார். நின்றார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

மேடம் நகர்ந்தார். என் முன்னால் வந்தார். என்னை அதே பழைய பார்வை பார்த்தார். உட்கார்ந்தார்.

"எசமான்கிட்ட போகாம நாய் வேற யார்கிட்ட சார் போகும்?" என்றது சலூன்காரரின் குரல்.

கேள்வி நியாயமானது. டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பில் ஒருவன் சரியான சந்தேகம் கேட்டால் மலருமே, அப்படி. "அப்போ உங்களோடத கொடுங்க. உங்ககிட்ட வருதான்னு பார்ப்போம்."

சலூன்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"அது வேண்டாம்யா" என்றார் பேக்கரிக்காரர். "அதுல தெருவே இருக்கு. நாய் நம்ம எல்லார் முன்னாடியும் உட்காரும்."

கூடம் கொல்லென்று சிரித்தது. சலூன்காரர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். வரிசையை மாற்றி நின்றோம். மேடம் முகர்ந்தார், வந்தார், என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டினார், சலூன்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார். சலூன்காரர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். மறுபடியும் சிரிப்பு.

"அப்போ அன்னிக்கு..." என்று யாரோ இழுத்தார்கள்.

"அன்னிக்கு இவரு இவரையேதான்யா பிடிக்க ஓடியிருக்காரு" என்றார் பேக்கரிக்காரர். "நம்ம தெரு வழியா. நாம வேற வேடிக்கை பார்த்தோம்."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஐயாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். நான் வழக்கமாகக் கேட்கிற சிரிப்புபோல் அது இல்லை. இதில் சத்தம் அதிகம். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி, இருவரும் மறுபடியும் சிரித்தார்கள். என்ன வித்தியாசம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சாவிக்காரரிடம் பேக்கரிக்காரர் வந்து நின்றார். நெளிந்தார். பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "அண்ணே, ரெண்டு பூட்டு போட்டுட்டு எது எதோடதுன்னே தெரியல. காலையில ஒரு எட்டு வந்து, ஒண்ணைக் கழட்டிக் கொடுத்துடுங்களேன்."

சாவிக்காரர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எதைக் கழட்டணும்? நான் போட்டதையா, புதுசையா?"

"புதுசத்தான்ணே" என்றார் பேக்கரிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. போய்விட்டார். கதவருகே நின்ற அக்கா, வீட்டுக்குப் போய் அந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினார்.

நானும் நாற்காலி அடுக்க ஆரம்பித்தேன். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். பங்காளி மேடத்தை ஜீப்புக்குக் கூட்டிப்போயிருந்தார்.

"அண்ணே, இப்பவாவது சொல்லுங்க. அன்னிக்கு ஏன் பேசாம இருந்தீங்க?"

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே சார்."

"இல்லண்ணே, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்காகத்தானே? ஐயா பக்கத்துல நிக்கிறாரு, எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டிக்கொடுத்தா என் வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு. பழகின பழக்கத்துக்காக."

இதை நான் பல நாளாக மனசுக்குள் வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

சாவிக்காரர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். வழக்கமாக என்னைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிரிப்பு அப்போது இல்லை.

"இல்ல சார். பயம்."

"ஐயாவைப் பார்த்தா?"

"அவரை அன்னிக்குத்தான் சார் முதல் தடவையா பார்க்கிறேன். உங்களைப் பார்த்துத்தான்."

"என்னையா? முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உங்க படியில உட்கார்ந்து கதை சொல்லிட்டிருந்தேன். அப்படிச் சிரிச்சீங்க."

"சிரிக்காம என்ன சார் பண்ணச் சொல்றீங்க? போலீஸ்காரர் ஒருத்தர் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க. சாவி ராவி முடிச்சு ரொம்ப நேரமாச்சு, எந்திரிக்க மாட்டேங்குறீங்க. எதுக்கு உட்கார்ந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியல. உள்ள இருந்து என் வீட்டுக்காரி என்னன்னு கண்ணால கேட்கிறா, எனக்குத் தெரியலன்னு கையைக் காட்டுறேன். நீங்க சிரிச்சா நானும் சிரிச்சேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"மறுநாள் உங்க நாய் வந்து உட்கார்ந்ததும் எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு சார். நீங்க உட்கார்ந்த அதே இடம். ஆனா, 'சார், உங்க மேலதான் தப்பு'ன்னு தெருவே பார்க்க ஒரு போலீஸ்காரர்கிட்ட சொன்னா, அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆகும்னு தெரியாது. சொல்லாட்டி என்ன ஆகும்னு தெரியும். கூட்டிட்டுப் போய் பெஞ்சுல உட்கார வைப்பீங்க. தெரிஞ்சதே போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."